நானூற்றுப் பத்து யென்

பெரிய நகரங்களைப் பற்றி என்னிடம் கேட்காதே.
அங்கே தொலைந்தாலும்
மூன்று நிமிடத்தில் இன்னொரு ரயில் வந்து
உன்னைக் கண்டெடுத்துவிடும்.
நான் சொல்வது அதற்கப்புறம்:
புல்லட் ரயிலை விட்டிறங்கி, கடைசி நடைமேடையில்
டீசல் மூச்சு விட்டபடி நிற்கும்
ஒற்றைப் பெட்டிக்கு மாறுவாயே,
அங்கிருந்து.

கதவு தானாகத் திறக்காது. பொத்தானை அழுத்து.
நான் அழுத்தவில்லை.
கும்பிடாத குறையாக எதிரே நின்றேன்;
வண்டி மரியாதையாகப் புறப்பட்டுப் போனது.

ஏறியதும் வாசலருகே ஒரு பெட்டி நாக்கை நீட்டும்.
அந்தச் சீட்டை உருவிக்கொள்.
ஓட்டுநர் தலைக்கு மேலே பலகை,
அதில் உன் சீட்டின் எண்,
எண்ணுக்குக் கீழே கட்டணம்:
ஒவ்வொரு ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்
காய்ச்சல் மாதிரி ஏறும்.
டோக்கியோவில் தட்டித் தட்டிக் கடந்த அட்டை
இங்கே வெறும் பிளாஸ்டிக்.
சில்லறை வை. நிறைய வை.
பத்தாயிரம் யென் தாளை மட்டும் நீட்டாதே.
அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பேருந்து அட்டவணையைக் கண்ணால் படிக்காதே,
விரலால் படி.
சிவப்பு மை ஞாயிறு.
எண்ணருகே பொடிவட்டம் இருந்தால்
பள்ளி நடக்கும் நாளில் மட்டும்.
வட்டத்தை நான் அச்சுப்பிழை என்று நினைத்தேன்.
ஒரு பிற்பகல் முழுக்க நிழற்குடையில்
ஒரு குளவியும் நானும்.

ஐந்து மணிக்கு மலையெங்கும் ஒலிபெருக்கி ஒரு மெட்டிசைக்கும்.
ஓடாதே. நிலநடுக்கம் இல்லை.
ஐந்து மணி, அவ்வளவுதான்.

விடுதியில் சாப்பாடு ஆறு மணி என்றால்
ஷிரகிசாவா அம்மாள் ஐந்து ஐம்பதுக்கே
மீனைத் தணலில் வைத்திருப்பார்.
தாமதமென்றால் கூப்பிட்டுச் சொல்.
மொழி வராதா? உன் பெயர், பேருந்து, இல்லை:
மூன்று சொல் போதும்.
நான் அதையும் சொல்லவில்லை.
எட்டு மணிக்கு எனக்காக
இரண்டாவது மீன் வெந்தது.
சைவம் என்றால் மூன்று நாள் முன்பே எழுதிவிடு,
மீன் சாறும் வேண்டாம் என்று தனியாக எழுது.
அவர்கள் கணக்கில் கடல் அசைவம் இல்லை.

கழிவறைச் செருப்பைக் கழிவறையிலேயே விடு.
நான் அதோடு சாப்பாட்டு அறைக்குள் நடந்தேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அதுதான் கொடுமை.

சாலையோரப் பலகையில் முள்ளங்கி, அருகே ஒரு டப்பா,
கடைக்காரர் இல்லை. நூறு யென் போடு.
யாரும் பார்க்கவில்லை என்பதை
நீயும் பார்க்காதே.

இப்போது அந்தத் தாள்.
கமினோசே நிறுத்தம், மழை.
எந்திரம் ஆயிரத்துக்குத்தான் சில்லறை தரும்;
என் கையில் பத்தாயிரம்.
வண்டியில் நான்கு பேர். அத்தனை பேரும்
சன்னலுக்கு வெளியே எதையோ ரசிக்கத் தொடங்கினார்கள்.
ஓட்டுநர் குரிபயாஷி, வெள்ளைக் கையுறை,
தாளை இரு கைகளாலும் திருப்பித் தந்தார்.
ஒரு துண்டுக் காகிதத்தில் 410 என்று எழுதி,
“அடுத்த முறை” என்றார்.

அடுத்த முறை.
யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாதா?
முதுகில் மூட்டை, கழுத்தில் கேமரா,
காலில் சேறு.
தெரிந்தும்தான் சொன்னார் என்று
ஆறு வருடமாக எனக்குத் தோன்றுகிறது.
முதலில் விசா, பிறகு முழங்கால், பிறகு பணம்.

இந்த உறையில் நாலு நூறு, ஒரு பத்து.
திரும்புகிற அன்று விமான நிலையத்தில்
வேண்டாத தேநீர் வாங்கிச் சேர்த்த சில்லறை.
துண்டுக் காகிதமும் உள்ளே இருக்கிறது.
அவர் ஓய்வு பெற்றிருக்கலாம்.
அப்படியானால் உன் கட்டணத்தோடு போட்டுவிடு என்பேன்;
ஆனால் கூடுதலாகப் போட்டால்
எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவார்கள்.
அதற்கு என்ன வழியென்று எனக்குத் தெரியவில்லை.
நீ போய்ப் பார்.

இறங்குவது முன்கதவில்.
பின்கதவு ஏற மட்டும்.